பெரிய இரையும் மொட்டைக் கழுத்துச் சேவலும்

பள்ளிக்கூடம் முடிந்த அந்த வருஷம் எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதுகூட ஒரு கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். "காலை ஆட்டாதேடா, வீட்டுச் செல்வம், பரக்கத் எல்லாம் போயிரும்" என்று லாத்தா அதட்டுவாள். லாத்தா என் அக்கா. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில் கடலைப் பார்த்த வீடு அவளுடையது. அவளைக் கட்டிய மச்சானுக்கு ஒரு வள்ளம் இருந்தது. நான் வாப்பா வீட்டில் தூங்கி, லாத்தா வீட்டில் தின்று, மச்சான் வள்ளத்தில் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

வாப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் கொழும்புக்குத் தோணி விட்டவர். தோணி வியாபாரம் படுத்ததிலிருந்து அவருக்குக் கடல் என்றாலே முகம் சுளிக்கும். "எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வச்சது மீன் நாத்தத்துக்கா?" என்பார். அவருடைய பழைய கூட்டாளி கமுதியில் மிளகாய் மண்டி வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். வாப்பா என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார்: மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை, பஸ் ஏற வேண்டும்.

கமுதிக்கு ஒருமுறை போயிருக்கிறேன். எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் இன்னொரு தெருதான் வருகிறது. கடல் வருவதேயில்லை.

மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "வாப்பாகிட்ட பேசுங்க மச்சான். நான் வள்ளத்துலயே இருந்திர்றேன்."

மச்சான் சுக்கானில் இருந்தார். கண் பாயில் இருந்தது. "என்னன்னு பேச? வள்ளத்துல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கோம். நீ மூணாவது ஆளா நின்னு என்னத்தைக் கிழிக்கிற?"

இரண்டாவது ஆள் பாய் பார்ப்பவர். உள்நாட்டில் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுக்காரர். மழை பொய்த்த ஒரு வருஷம் கடலுக்கு வந்து, திரும்பிப் போக மறந்தவர். "கிழிக்கிறதுன்னா பாயைக் கிழிப்பான்" என்றார்.

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் கேள்வி வந்தது. வள்ளம் பாயில் ஓடும்போது பின்னால் இரண்டு தூண்டில் கயிறு இழுபட்டு வரும். அதில் இரை என்று எதுவும் கிடையாது. தூண்டில் முள்ளைச் சுற்றி வெள்ளைக் கோழி இறகைக் கட்டி, தலையில் பளபளக்கும் தகரத் துண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். தண்ணீரில் ஓடும்போது அது மீன் குஞ்சு போலத் துடிக்கும். இடப்பக்கக் கயிற்றில் ஒரு சாண் நீளப் பொய்யிரை, வலப்பக்கத்தில் கட்டைவிரல் அளவு.

"மச்சான், பெரிய இரைக்குப் பெரிய மீன் வருமா?"

"கடிக்கிறது வரும்."

"எது கடிக்கும்?"

"வந்தது கடிக்கும். விடு மாப்ளே."

நான் விடவில்லை. பெரிய வாய் பெரிய தீனியைத்தானே தேடும்? அப்படியானால் எதற்குச் சின்ன இரை? இருபது வருஷமாகக் கடலில் இருப்பவருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை என்பது எனக்குப் பிசாசு பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அன்று கரைக்கு வந்ததும், வரும் மீனை எல்லாம் அளந்து நோட்டில் எழுதிப் பார்க்கிறேன் என்றேன். மச்சான்தான் பந்தயம் வைத்தார். "சரி. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை உன் நோட்டு சொல்லட்டும். மாமாகிட்ட நானே பேசுறேன். சொல்லலைன்னா கமுதி."

மறுநாளிலிருந்து பள்ளிக்கூட நோட்டும் அடிக்கோலுமாக வள்ளம் ஏறினேன். வரும் மீனை எல்லாம் பலகையில் போட்டு, மூக்கிலிருந்து வால் பிளவு வரை அளந்து, எந்த இரையில் வந்தது என்று எழுதினேன். பாய் பார்ப்பவருக்குக் கொண்டாட்டம்.

"ஏலே, எதுக்கு அளக்கிற? சட்டை தைக்கவா?"

"பேசாம பிடிங்கண்ணே, துள்ளுது."

"துள்ளாம என்ன செய்யும்? நீ கோலை எடுத்தா பள்ளிக்கூடத்து வாத்தியாருன்னு நினைச்சு நடுங்குது."

சின்ன இரைக் கயிறு அவர் கையில்தான் இருக்கும். பெரிய இரைக்குத் தடிக் கயிறு, இதற்கு மெல்லிசு நூல். தடிக் கயிற்றில் கட்டினால் சின்ன இரை துடிக்காது, செத்துப்போனது மாதிரி தொங்கும். நைலான் எங்கள் கரைக்கு இன்னும் வராத நேரம் அது. முறுக்கிய பருத்தி நூல்தான். அடிக்கடி 'விண்' என்று அறுந்து போகும். அவர் கையை உதறி, அந்த மீனின் வம்சத்தையே திட்டுவார். மச்சான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "போனது போச்சு. அடுத்ததைக் கட்டு." நானும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த மீனுக்குக் காத்திருப்பேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, கரையில் மணலில் உட்கார்ந்து மச்சானிடம் நோட்டை நீட்டினேன். பெரிய இரையில் வந்த சீலா மீனும் பாரை மீனும் எல்லாமே முழங்கை நீளத்துக்கு மேல். சின்ன இரையில் வந்தவை ஒரு சாண், ஒன்றரைச் சாண். பக்கம் பக்கமாக அப்படித்தான். மச்சான் ஒவ்வொரு பக்கத்தையும் விரலை வைத்துப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு காகிதத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"அப்ப சின்ன இரையே வேணாங்குற."

"வேணாம். ரெண்டு பக்கமும் பெருசு கட்டுங்க."

"நான் இதை யோசிச்சதில்லை மாப்ளே." நோட்டை மூடித் திருப்பித் தந்தார். "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் மாமாகிட்ட பேசுறேன்."

கமுதி தொலைந்தது! அன்று ராச்சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

வியாழக்கிழமை மத்தியானம் லாத்தா வீட்டுக்கு ஓடினேன். பொய்யிரை எல்லாம் கட்டுவது அவள்தான். கொல்லையில் உட்கார்ந்து, வளர்ப்புச் சேவலைத் தொடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு இறகு தேடிக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, இனிமே பெரிய இரை மட்டும் கட்டினா போதும்."

"அல்ஹம்துலில்லாஹ்! என் சேவல் பிழைச்சுச்சு."

"ஏன், அதுக்கு என்ன?"

"அதுக்கு என்னவா? கண்ணைத் திறந்து பாருடா."

சேவலைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மூன்று வாரத்துக்கு முன் வெள்ளை வெளேர் என்று இருந்த சேவல். இப்போது தலைக்குக் கீழே சிவந்த தோல்தான். ஒரு இறகு இல்லை. ஆனால் வால் மட்டும் முன்னைப் போலவே விரிந்து நின்றது.

"பெரிய இரைக்கு வால் இறகு. சின்னதுக்குக் கழுத்து இறகு. பெருசு ரெண்டே ரெண்டு கட்டித் தந்தேன், அதையே இன்னும் ஓட்டுறீங்க. சின்னது கட்டிக் கட்டி என் விரல் தேஞ்சுபோச்சு. என்னடா செய்றீங்க அங்கன? மீனுக்கு தானதர்மம், சதக்கா குடுக்குறீங்களா?"

"அறுந்து போகுது லாத்தா. மெல்லிசு நூல்."

"எது அறுக்குது?"

"மீன்தான் லாத்தா."

"சாண் மீன்தானே வருது சின்ன இரைக்கு? சாண் மீனா கயித்தை அறுக்கும்?"

ஆடிக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது.

அறுத்துக்கொண்டு போனது எதுவும் என் நோட்டில் இல்லை. அளக்க மீன் இல்லாததால் நான் எழுதவில்லை. சின்ன இரையைப் பெரிய மீன் கவ்வும்போதெல்லாம் நூல் அறுந்தது, நான் பென்சிலைக் காதில் செருகினேன். நோட்டில் தங்கியது நூல் தாங்கிய சின்ன மீன்கள் மட்டும். என் கணக்கு மீனைப் பற்றியதே இல்லை, கயிற்றைப் பற்றியது. உண்மையான கணக்கு சேவலின் கழுத்தில் இருந்தது.

அங்கே நிற்க முடியவில்லை. கடலோரமாக ரயில் பாலம் தொடங்கும் இடம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பாறையில் சிக்கி அறுந்திருக்கலாமே? அப்படியானால் பெரிய இரையும் சிக்கியிருக்க வேண்டுமே. பாறையைத் தடிக் கயிறுமா இழுத்துக்கொண்டு வரும்? ஒவ்வொரு சமாதானத்தையும் நானே கட்டி நானே அறுத்தேன். சேவலின் கழுத்து என்ன சொல்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது. லாத்தாவுக்குக்கூட அது விளையாட்டுப் பேச்சு. வாயை மூடிக்கொண்டு ஒரு நாள் இருந்தால் போதும், வள்ளம் என்னுடையது. ஆனால் ரெண்டு பக்கமும் பெரிய இரை கட்டிக்கொண்டு மச்சான் கடலுக்குப் போவார். நான் சொன்னதை நம்பிப் போவார். அதை நினைக்கும்போதெல்லாம் நடை இன்னும் வேகமாயிற்று.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த மச்சானைப் பிடித்தேன்.

"மச்சான், என் நோட்டு தப்பு."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

சேவலிலிருந்து தொடங்கி மூச்சு விடாமல் சொன்னேன். ஒற்றைச் செருப்போடு நின்று கேட்டார்.

"சரி, இப்ப என்ன சொல்ற? பெருசா, சின்னதா?"

"தெரியலை. ரெண்டையும் ஒரே பலமான கயித்துல கட்டிப் பார்க்கணும்."

"எத்தனை நாளு?"

"பதினஞ்சு நாள்."

அதற்குள் வாப்பா வந்துவிட்டார். "என்ன மருமகனே, ரகசியம்?"

"உங்க மகனுக்கு இன்னும் பதினஞ்சு நாள் வேணுமாம் மாமா."

"எதுக்காம்?"

"தெரியாததைத் தெரிஞ்சுக்க" என்றேன்.

"கமுதியில போய்த் தெரிஞ்சுக்க" என்றார் வாப்பா.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை. தெரியாத ஒன்றைச் சொன்னால் பேசுவதாகத்தான் பந்தயம். நான் என்ன சொன்னேன்? எனக்கே தெரியாது என்றுதானே சொன்னேன். சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை. ஒரு வரி எழுதினால் மூன்று தும்மல். மேசைக்கு அடியில் கால் ஆடும், மேசை ஆடும், மை கொட்டும். முதலாளி நல்லவர். "தம்பிக்கு உடம்புக்கு எதுவும் சரியில்லையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவது வாரம் லாத்தாவின் கடிதம் வந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடத் தமிழ் எழுத்து வராது. ஓதக் கற்றுக்கொண்ட அரபு எழுத்தில் நம் தமிழை எழுதுவாள். மண்டியில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாத கடிதம்.

நான் போன மறுநாளே மச்சான் தொடங்கிவிட்டாராம். தடிக் கயிற்றில் சின்ன இரை துடிக்கவில்லை. மெல்லிசு நூலையே இரண்டாகச் சேர்த்து முறுக்கினாராம். இரையும் துடித்தது, நூலும் நின்றது. "சின்ன இரையில் முன்போலச் சின்ன மீனும் வருகுது. போன செவ்வாய் ஒரு சீலா வந்தது, நிறுத்திப் பிடித்தால் என் இடுப்புக்கு. பெரிய இரையில் பெருசு மட்டும்தான். பெரிய இரை பெருசைக் கூட்டி வரவில்லையாம், சின்னதை விரட்டுதாம். அம்புட்டுத்தானாம். உன் மச்சான் சொல்லச் சொன்னாக."

மீன் அளவை எல்லாம் சாண் கணக்கில் எழுதியிருந்தாள். அறுந்துபோனதையும் எழுதியிருந்தாள், 'ஓடிப்போனது' என்று.

கீழே இரண்டு வரி. "கயிற்றை இன்னும் நீளமாக விட்டால் வேறு மீன் வருமா என்று கேட்கச் சொன்னாக. அவுகளுக்குத் தெரியலையாம்."

நான் எழுந்துவிட்டேன். முதலாளியிடம் என்ன சொன்னேன் என்று இன்றுவரை சரியாக நினைவில்லை. தும்மலுக்கும் ஸலாமுக்கும் நடுவில் எதையோ சொன்னேன். ராமநாதபுரத்தில் பஸ் மாறும்போதுதான் கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரி இருப்பதைப் பார்த்தேன். சேவலுக்குக் கழுத்தில் இறகு முளைக்குதாம்.

வீட்டு வாசலில் வாப்பாவும் மச்சானும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாப்பா என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மண்டியை விட்டுட்டா வந்தே?"

"கயிறு நீளம் பார்க்கணும் வாப்பா."

"என்ன நீளம்?"

"நான்தான் மாமா வரச் சொன்னேன்" என்றார் மச்சான். வரச் சொல்லவில்லை, கேட்கத்தான் சொன்னார். "வள்ளத்துக்கு மூணாவது ஆள் வேணும்."

வாப்பா என்னிடம் ஒரு எட்டு நெருங்கி வந்தார். பிறகு துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"முதல்ல போய்க் குளிடா. மிளகாய் நெடி தாங்கலை."