மூன்று மணிக்கு லைட் போட்டது

சிக்னல் நாலு கோடும் முழுசாக நிற்கும். ஆனால் ஒன்றுமே திறக்காது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒபிசில் அந்த ஐப்பசி முழுக்க இதுதான் கதை. அதுவும் பின்னேரம் மூன்று மணி போலத்தான்.

ஒபிஸ் என்றால் ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் ஒரு அறை. ஹாபரில் இறங்கும் சாமான்களுக்கான கஸ்டம்ஸ் பத்திரங்களை ஒன்லைனில் அனுப்புவது வேலை. முதலாளி சேர், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு அக்கா, நான். மேலே வீட்டுக்கார அன்ரி. இன்டர்நெட் லைன் வந்து சேர்வது அன்ரியின் ஹோலுக்கு, ரௌட்டரும் அங்கேதான். அங்கிருந்து ஒரு வயர் இறங்கி எங்கள் சீலிங்கில் இருக்கும் வெள்ளைப் பெட்டிக்குப் போகும். எங்களுக்கு வைஃபை தருவது அந்தப் பெட்டி.

"கம்ப்யூட்டர் படிச்ச ஆள் நீர்தானே தம்பி, பாரும்" என்றார் சேர்.

சொன்னதுதான் தாமதம், ஏணியில் ஏறிவிட்டேன். பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். வயரின் முனைகளை மாற்றினேன். கொம்பனிக்காரர் ஒருவர் ஒரு நாள் காலை வந்து மேலும் கீழும் சோதித்துவிட்டு, "அவுலக் நே மல்லி" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். அவருக்குப் பிரச்சினை இல்லை, எனக்கு இருந்தது. பாஸ்வேர்டை மாற்றி, எங்கள் மூன்று பேருக்கும் அன்ரிக்கும் மட்டும் கொடுத்தேன். அடுத்த நாள் மூன்று மணிக்கு மறுபடியும் போனது.

அப்படியென்றால் ஆள் உள்ளுக்குள்தான்.

லைன் போகும் நேரம் என் கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தால் அது பதிலே தராது. யாரோ பெரிதாக எதையோ இழுக்கிறார்கள், அது தாங்காமல் மயங்குகிறது என்று முடிவு கட்டினேன். யார்? சேர் வாட்ஸ்அப்பைத் தாண்டாதவர். அன்ரி இரண்டிலிருந்து நாலு வரை படுப்பார். அந்த நேரத்தில் மணி அடிக்கக் கூடாது என்பது வாடகைக்கு வந்த நாளிலிருந்து சட்டம். அதனால் ஒரு காலையில் ஏறிப்போய்க் கேட்டேன். "நல்லா வேலை செய்யுதே மகன். இப்பவும் போன்ல மாதா கோயில் பூசை பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றார்.

மிச்சம் அக்கா.

பார்க்கத் தொடங்கிய பிறகு எல்லாமே பொருந்தியது. லைன் போவதற்குச் சற்று முன்னால் அக்கா போனை எடுப்பார். மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டு எதையோ தட்டுவார். நான் திரும்பினால் கவிழ்த்து வைப்பார். ஒரு கொப்பி வாங்கி எழுத ஆரம்பித்தேன். கரண்ட் கூடிக் குறைகிறதோ என்ற யோசனையில் ஓடிக்கொண்டிருந்த சாமான்களையும், லைன் போகாத நாளிலும்கூட, விடாமல் எழுதினேன்: "திங்கள் 3.05. ஏ.சி. ஓடுது. லைட் போட்டது. அக்கா போனுடன். 3.12 லைன் இல்லை."

ஒரு வியாழக்கிழமை, பத்திரம் பிந்தி ஒரு வாடிக்கையாளர் சேரைப் போனில் கிழித்தெடுத்தார். சேர் என் கொப்பியைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை இறக்கி வாசித்தார்.

"அவவோட நாளைக்கு நாலு மணிக்குக் கதைக்கிறன். மூண்டு மாசம் முடிய முன்னம் வேலையால நிப்பாட்டினா கரைச்சல் இல்ல."

உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா போனை எடுத்தார். லைன் போனது. நான் ஏணியை எடுத்துக்கொண்டு வரும்போது என் மேசையில் கிடந்த கொப்பி அக்காவின் கையில் இருந்தது.

"பக்கத்துக்குப் பக்கம் அக்கா, அக்கா எண்டு கிடக்கு. நான்தானே தம்பி?"

நான் ஏணியைச் சுவரில் சாத்தினேன். அக்கா விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். பிறகு நிமிர்ந்தார்.

"லைன் போன நாள் எல்லாத்திலயும் லைட் போட்டது எண்டு எழுதியிருக்கிறீங்க. போகாத நாள்ல அது இல்ல. பட்டப்பகல்ல ஏன் லைட் போட்டனீங்க?"

"இருட்டினது அக்கா."

"ஏன் இருட்டினது?"

ஏ.சி.க்காக அடைத்த ஜன்னலுக்கு வெளியே, லொறிச் சத்தத்துக்கு மேலாக, இடி உருண்டது.

"மழை இருட்டினா வத்தளைக்குப் போற ஸ்கூல் வேன் பிந்தும். என்ர பிள்ளை வீட்டில இறங்கிட்டாளோ எண்டுதான் நான் போனைப் பாக்கிறது. வாங்கோ, ரௌட்டரை மேல போய்ப் பாப்பம்."

சட்டத்தை மீறி மணி அடித்தோம். அன்ரி செபமாலையோடு கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், சுவரில், டீவி ப்ளக், பிரிட்ஜ் ப்ளக், ரௌட்டர் ப்ளக் மூன்றும் கழன்று தொங்கின.

"இடி இடிக்கேக்க கழட்டாம இருக்கேலுமா மகன்? போன வருசம் ஒரு டீவி எரிஞ்சு போச்சு. சத்தம் கேட்டா படுக்கையில இருந்து ஓடி வந்து கழட்டிடுவன்."

"அண்டைக்குக் கேட்டனானே அன்ரி, சொல்லேல்லையே?"

"அண்டைக்கு நீங்க இடியைப் பத்தியா கேட்டீங்க?"

படியில் இறங்கும்போது மூன்றே முக்கால். சொல்லாமல் விட முடியாது. "நாலு மணிக்கு சேர் உங்களைக் கூப்பிடுவார் அக்கா" என்றேன். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அக்கா கையிலிருந்த கொப்பியை என்னிடம் நீட்டினார்.

"அப்ப நீங்க போங்கோ. அந்தக் கொப்பியோட."

போனேன். நான் எழுதியதை நானே சேருக்கு முன்னால் வாசித்தேன். லைட் போட்டது, லைட் போட்டது என்று ஒவ்வொரு பக்கத்திலும் நின்று காட்டினேன். சேர் கடைசியில் சிரித்துவிட்டார். "அப்ப அவவில பிழையில்ல" என்றார். அவ்வளவுதான். என்னில் பிழை இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

இப்போது இடி கேட்டால் ப்ளக்கைக் கழற்ற முன் அன்ரி படியில் நின்று குரல் கொடுப்பார், நாங்கள் அவசரமானவற்றை அனுப்பிவிடுவோம். அக்காவின் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. ஆனால் வானம் இருட்டும் நாட்களில் அவர் போனை நிமிர்த்தி, திரை எனக்குத் தெரியும்படி, என் பக்கமாகத் தள்ளி வைக்கிறார்.

"வேண்டாம் அக்கா" என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. எழுதுறதுக்கு லேசா இருக்கும்."