உள்ளங்கையை இழுத்த குழாய்

மோட்டார்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். புத்தம் புதுசு, ஒட்டிய டேப்கூட இன்னும் பிரிக்கவில்லை. நேற்று மகன் வாங்கிவந்து கொல்லைக் குழாயடியில் வைத்தான். விடிந்தும் விடியாத நேரம். சாரம் பகுதியில் எங்கள் தெரு இன்னும் பாதித் தூக்கத்தில் கிடக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் மூச்சு விடும், கேட்டிருப்பீர்கள். முதலில் எங்கோ தூரத்தில் ஒரு முனகல், அப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு. அந்த மூச்சு கையில் படாமல் எனக்குக் காப்பி இறங்காது. அத்தைக்கு இதுதான் பூஜை என்று மருமகள் கேலி பேசுகிறாள். பேசட்டும்.

அந்த மூச்சோடு வால்வுக்காரரும் நினைவில் வந்துவிடுவார். நான் அரசாங்கத்தின் தண்ணீர்ப் பிரிவில் இளநிலைப் பொறியாளராக இருந்தபோது எங்கள் பகுதிக்கு வால்வு திறந்தவர். தினக்கூலி. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஆற்றுப்பாலத்துப் பனி தலைமுடியில் பொடிப்பொடியாக நிற்கும். அவர் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி தோளில் இருக்கும். சாலையில் இருக்கும் மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, வாய்க்குள் எண்ணியபடி சுற்றுச் சுற்றாகத் திருப்புவார். திருப்பி முடித்ததும் சாவியின் தலையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பூமிக்கடியில் தண்ணீர் நடக்கும் ஓசை அந்த இரும்பு வழியே ஏறி வருமாம். ஒருநாள் என்னையும் கேட்கச் சொன்னார். நிஜமாகவே கேட்டது. கடற்கரையில் கண்ணயரும்போது கேட்கிற ஓசை மாதிரி, கிட்டத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று சொல்ல முடியாத ஓசை. ஒரு நிமிஷம் நான் யார், எதற்கு அங்கே வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. உடனே சுதாரித்துக்கொண்டு, மணி பார்த்துத் திறந்து மணி பார்த்து மூடினால் போதும் தம்பி, இதெல்லாம் எதற்கு என்றேன். என் மேசைக்கு எதிரே நானே கலர் பென்சிலில் வரைந்த நேர அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் எனக்கு அத்தனை பெருமை.

அட்டவணையில் இல்லாத ஒரு வழக்கம் அவருக்கு இருந்தது. எங்கள் தெருவுக்கும் அதைத் தாண்டியிருந்த கடைசிச் சந்துக்கும் ஒரே பெரிய குழாயிலிருந்துதான் தண்ணீர் பிரியும். எங்கள் தெரு வால்வை முதலில் பாதிதான் திறப்பார். சந்தின் கடைசிக் குழாயில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வந்து மீதியைத் திறப்பார். எங்கள் தெருக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. வால்வுக்காரர் வேண்டுமென்றே குறைக்கிறார் என்று மனு எழுதிக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். மனு என் மேசைக்கே வந்தது. முதல் கையெழுத்து என் வீட்டுக்காரருடையது.

நான் என்ன செய்தேன்? மெமோ கொடுத்தேன். விதிப்படி முழுவதும் திற, மூன்று நாளில் விளக்கம் எழுது. அந்த மாதம்தான் தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. மெமோ நிலுவையில் உள்ளவர் பெயர் பட்டியலில் ஏறாது என்பது எனக்குத் தெரியும். பத்து வருஷமாக அந்தப் பட்டியலுக்குத்தான் அவர் காத்திருக்கிறார் என்பதும் தெரியும். அவர் விளக்கம் எழுதவில்லை. மறுநாளிலிருந்து நான் சொன்னபடியே முழுசாகத் திறந்தார்.

நான்காம் நாள், கோப்பில் கடைசிக் குழாயின் அழுத்தத்தைக் குறிக்க வேண்டுமே என்று விடியற்காலையில் நானே சந்துக்குப் போனேன். பனியில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. மஞ்சள், பச்சை, நீலம், எல்லாம் காலி. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சேதராப்பட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிற ஒரு பெண் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். "நாலு நாளா வெறுங்காத்துதான் மேடம். பஸ்ஸு வந்துடும், நான் போறேன்" என்று சொல்லிக் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

காற்றாவது வருகிறதா பார்க்கலாம் என்று குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தேன். காற்று வரவில்லை. குழாய் என் கையை உள்ளே இழுத்தது. ஒரு குழந்தை வாய்வைத்து உறிஞ்சுவது போல, மெத்தென்று, விடாமல். கையை எடுத்தபோது நடுவில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது.

எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருக்குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினால்தான் கடைசிக் குழாய் இப்படி இழுக்கும். படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அதைவிட, வீட்டை விட்டுக் கிளம்பும்போது எங்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தவளே நான்தான். தெருவில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டிய மோட்டார் அது. பத்து மணிக்கு மேல் நான் அரசாங்கம். ஐந்தரை மணிக்கு அதே அரசாங்கத்தின் குழாயில் கைவைத்த திருடி. சீ என்று ஆகிவிட்டது.

வால்வுக்காரர் சாவியை ஊன்றிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். எல்லா மோட்டாரும் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சாவியில காத வெச்சா கேக்குமே மேடம். உங்க வீட்டுதும் கேக்கும்."

"அப்போ விளக்கத்துல அத எழுதியிருக்கலாமில்ல?"

"உங்க பேர எழுதி உங்ககிட்டயே எப்படி மேடம் குடுக்கறது? அதான் பாதி தெறந்து சமாளிச்சிக்கினு இருந்தேன்."

வீட்டுக்குப் போனதும் மோட்டாரைக் கழற்றி வெளியே வைத்தேன். ஊரே போட்டிருக்கிறது, நமக்கு மட்டும் என்ன வந்தது என்று வீட்டுக்காரர் குதித்தார். அது பெரிய விஷயமில்லை. மெமோவை ரத்து செய்யக் காரணம் எழுத வேண்டும். காரணம் என்றால் மோட்டார் வைத்த வீடுகளின் பட்டியல், அதில் முதலில் என் வீடு. அன்று முழுக்கப் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். மேலதிகாரி என்ன நினைப்பார், வேலைக்கு ஆபத்து வருமா, தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்று ஆயிரம் யோசனை. மறுநாள் காலையில்தான் எழுதினேன். ஒளிக்காமல் எழுதினேன். ஆனால் நிரந்தரப் பட்டியல் முந்தின நாள் சாயங்காலமே மேலே போய்விட்டிருந்தது.

எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். தெரு மோட்டார்களையெல்லாம் கழற்ற வைத்தோம். அவர் பெயர் அடுத்த பட்டியலில் ஏறியது. அந்த அடுத்த பட்டியல் வர ஆறு வருஷம் ஆனது. நான் தயங்கிய ஒரு நாளுக்கு அவர் வாழ்க்கையில் ஆறு வருஷம். அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. காலையில் பார்த்தால் அதே "வணக்கம் மேடம்". என்னால்தான் அந்த வணக்கத்தை நிமிர்ந்து வாங்கிக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கும் அது வலிக்கிறது. அரசாங்கம் என்ன செய்தது என்று யாராவது டீக்கடையில் ஆரம்பித்தால், கோட்டையும் கொடியும் என் மனசில் வருவதில்லை. ஒரு சிவப்பு வட்டம்தான் வருகிறது.

இதோ, உள்ளங்கையில் மூச்சு படுகிறது. வெளியேதான் தள்ளுகிறது. நூல் போலத் தண்ணீர் விழ ஆரம்பிக்கிறது. மகன் பல்துலக்கிக்கொண்டே வந்து, மெக்கானிக் ஏழு மணிக்கு வருகிறான், எழுந்திரும்மா, பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறான். "தெருவுல எல்லாரும் திரும்பப் போட்டுட்டாங்கம்மா. நாம மட்டும் ஏன் இப்படி சொட்டுச் சொட்டா புடிக்கணும்?"

கடைசிச் சந்துக்குத் தண்ணீர் போய்ச்சேர இங்கிருந்து இருபது நிமிஷம் ஆகும். குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்துவிட்டு, பெட்டியின் மேல் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

"மெக்கானிக்க வரச்சொல்லு. பெட்டிய கடையில திருப்பிக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல. அப்படியே தெருவுல மோட்டார் மாட்டின வீட்டையெல்லாம் எனக்குக் காட்டட்டும். எல்லாத்தையும் கழட்டச் சொல்லி மனு எழுதணும். முதல் கையெழுத்து நான் போடறேன்" என்கிறேன்.