ரெண்டு காதும் தெரியணும்

என்ட மூஞ்சி பேப்பர்ல வந்த சங்கதிய எனக்கு முதல்ல சொன்னது அடுத்த வீட்டு மாமிதான். மத்தியானச் சோத்துக்கு அரிசி களைஞ்சிக்கிட்டு நிண்டன். வேலிக்கு மேலால பேப்பர நீட்டி, "இஞ்ச பாரு புள்ள, நீ கொழும்புல பச்சையாத் தொங்குறியாம்" எண்டா.

பாத்தன். யா அல்லாஹ்! நாந்தான். அதுவும் ஒண்டில்ல, ஒரு சுவர் நிறைய. ஒரு மூஞ்சி பச்சை, ஒண்டு மஞ்சள், ஒண்டு பஞ்சுமிட்டாய் மாதிரி ரோசா. தலையில முக்காடு இல்ல. ரெண்டு காதும் துலக்கமாத் தெரியுது. வலது காதுட சோணை கிழிஞ்சு ரெண்டாத் தொங்குறதும் தெரியுது. அரிசிச் சட்டிய எங்க வெச்சன் எண்டு இண்டைக்கும் ஞாபகமில்ல.

அந்தக் காதப் பத்திச் சொல்லித்தான் ஆகணும். சுனாமி அண்டைக்குக் கடல் எங்கட வீட்டுக்குள்ள வந்து என்னையும் தூக்கிட்டுப் போகக்குள்ள, ஆருடையோ மீன் வலையொண்டுல என்ட முடியும் தோடும் சிக்கிட்டு. ஆக்கள் ஓடி வந்து இழுத்தெடுத்தாங்க. நான் கரைக்கு வந்தன், தோடு சோணையக் கிழிச்சிக்கிட்டு வலையோட போச்சு. மேல்ல உடுப்பும் முழுசா இல்ல. முகம் தெரியாத ஒரு மனுசன் தன்ட சேட்டக் கழட்டி என்ட மேல எறிஞ்சிட்டு, முகத்த அங்கால திருப்பிக்கிட்டு நிண்டார். அவருக்கு நான் இண்டைக்கும் துஆ கேக்கிறன். ஆனா அண்டைக்குப் பட்ட வெக்கம் என்னை விட்டுப் போகல்ல. அதுக்குப் பிறகு முக்காட்ட இறுக்கிப் போட்டன். அந்தக் காத என்ட மனுசனத் தவிர ஒருத்தரும் காணக்கூடாது எண்டு இருந்தன்.

கண்ட ஒரே வெளியாள் போட்டோக்காரன். அடையாள அட்டையும் கடலோட போனதால புதுசு எடுக்க வேண்டி வந்திச்சு. நாங்க அகதியா இருந்த பள்ளிக்கூடத்துல வெள்ளைத் துணியொண்டு கட்டிப் படம் எடுத்தாங்க. ஆரோ குடுத்த சட்டை, அழுது வீங்கின முகம். "முக்காட்டப் பின்னுக்குத் தள்ளுங்க ராத்தா. ரெண்டு காதும் தெரியணும், இல்லாட்டித் திருப்பி அனுப்பிருவாங்க" எண்டான். அப்ப சட்டம் அப்பிடி. தள்ளினன். அவன் காதக் கண்டான், பாவம், கெதியாப் படத்த எடுத்து முடிச்சான்.

அந்தப் படத்தத்தான் என்ட தங்கச்சி எடுத்துத் தன்ட கண்காட்சிச் சுவருல போட்டிருந்தாள்.

அவள் கொழும்புல படம் கீறுற ஆள். படம் எண்டா ஆறு, மலை, தென்னை எல்லாம் இல்ல. தேயிலைப் பெட்டி, பிஸ்கட் டின், தீப்பெட்டி எண்டு கடையில கிடக்கிற சாமான்கள சில்க் ஸ்கிரீன்ல பளிச்செண்டு அச்சடிப்பாள். இடுப்புல கட்டுற சாரனுக்கு லேபல் அடிக்கிற அதே வேலைதான், கொழும்புல அதுக்குப் பேர் வேற. யுத்தம் முடிஞ்ச அந்த நாளையில தெருவெல்லாம் கொடி. அவள் நாட்டுக் கொடியில முஸ்லிமாக்களுக்கெண்டு இருக்கிற பச்சைக் கோட்ட மட்டும் எடுத்துக் கதவளவுக்கு அடிச்சாள். "அந்தக் கோடு நாமதான் ராத்தா" எண்டாள்.

"நாம கோடாடி?"

"அதத்தான் நானும் கேக்கிறன்!"

இப்பிடித்தான் மணிக்கணக்காக் கதைப்பாள். வாயத் திறந்தா தமிழ், ஆனா தமிழாக்கள் இல்ல; அட்டைய நீட்டினா முஸ்லிம்; அப்ப இந்த நாட்டுல நாம ஆரு ராத்தா எண்டு கேப்பாள். நான் ஓம் ஓம் எண்டுக்கிட்டு மீன் வெட்டுவன். அப்பிடி ஊருக்கு வந்த ஒரு தரந்தான் என்ட அட்டையப் போட்டோகொப்பி எடுக்கக் கேட்டாள். ஏதும் தேவையாக்கும் எண்டு குடுத்தன்.

பேப்பரக் கண்ட கையோட போன்ல பிடிச்சு ஏசினன். "மானத்த வாங்கிட்டியேடி! ஊர் பாக்கிறதுக்கு முந்தி இறக்கு அத!"

"ராத்தா, அது நீங்க மட்டும் இல்ல. நாம எல்லாரும்."

"காது என்ட காதுடி!"

"வந்து ஒரு தரம் பாருங்க. பாத்துட்டும் வேணாம் எண்டா இறக்கிறன்" எண்டாள். பாக்கிறதென்ன, என்ட கையாலயே கிழிச்சுப் போடுறன் எண்டு மனுசனையும் இழுத்துக்கிட்டு பஸ் ஏறினன்.

யுத்தம் முடிஞ்சிட்டு எண்டாங்க, செக் பொயின்ட் முடியல்ல. வழி நெடுக இறங்கி நடந்து, அட்டையக் காட்டி, திரும்ப ஏறினம். ஆமிக்காரன் அட்டையப் பாப்பான், என்னைப் பாப்பான், போகச் சொல்லுவான். வருசக்கணக்காப் பழகின காரியம். நான் மனசுக்குள்ள தங்கச்சிக்கு ஏசிக்கிட்டே போனன்.

கண்காட்சி ஒரு பெரிய பழைய வீட்டுல. மழை தூறிக்கிட்டிருந்திச்சு. வாசல்ல யூனிபோம் போட்ட செக்கியூரிட்டி ஒருத்தன், என்னைக் கண்டதும் சிங்களத்துல என்னவோ சொல்லிக் கைய நீட்டினான். நான் பேக்கத் திறந்து அட்டைய எடுத்து அவன்ட கையில வெச்சன். வெச்சிட்டு, முக்காட்டப் பின்னுக்குத் தள்ளி, ரெண்டு காதையும் காட்டிக்கிட்டு நிண்டன்.

அவன் முழிச்சான். அட்டையப் பாத்தான். என்னைப் பாத்தான். பிறகு உள்ளுக்குச் சுவருல பச்சையும் மஞ்சளுமா இருந்த என்னையும் பாத்தான். "கமக் நே அம்மா, கமக் நே" எண்டு, பரவாயில்ல எண்டு தலையாட்டி, ரெண்டு கையாலயும் அட்டையத் திருப்பித் தந்தான். உள்ளுக்கு நிண்ட கொழும்புப் பொம்புள ஒருத்தி, இதுவும் கண்காட்சியில ஒரு பங்காக்கும் எண்டு நினைச்சுக் கை தட்டினாள்.

தங்கச்சி ஓடி வந்தாள். "ராத்தா, அவன் குடையத்தான் கேட்டான். நனைஞ்ச குடைய வாசல்ல வெக்கச் சொன்னான்."

என்ட மனுசன் கிட்ட வந்து, முக்காட்ட முன்னுக்கு இழுத்துச் சரியாக்கினார். அப்பதான் தலை தொறந்து நிக்கிறன் எண்டு எனக்கே விளங்கிச்சு. சீ! ஒருத்தரும் காணாத காது எண்டு நான் பொத்திப் பொத்தி வெச்சது. எத்தின ஆமிக்காரனுக்கு முன்னால இப்பிடித் தள்ளியிருப்பன்? முதல்ல அவங்க சொல்லித் தள்ளினன். பிறகு சொல்லாமலே தள்ளினன். அண்டைக்கு வந்த வழியிலயும் தள்ளித்தானே இருப்பன், அது என்ட புத்தியிலயே இல்ல. நிலம் பிளந்தா உள்ளுக்குப் போயிருப்பன்.

"இப்பவே இறக்கிறன் ராத்தா" எண்டு தங்கச்சி அழுதுக்கிட்டே படத்துல கை வெச்சாள். நான் வேணாம் எண்டும் சொல்லல்ல, இறக்கு எண்டும் சொல்லல்ல. இறக்கிட்டாள். வெறுஞ் சுவரும் ஆணிகளும் மிஞ்சிச்சு. நான் வந்த காரியம் முடிஞ்சிட்டு.

வெளிக்கிடக்குள்ள அந்தச் செக்கியூரிட்டி எங்கட குடைய எடுத்து நீட்டினான். வாங்கக் கை நீட்டினன். மத்தக் கை தானா முக்காட்டுக்குப் போச்சு. மனுசன் எட்டி அந்தக் கையப் பிடிச்சார். பஸ் ஏறுமட்டும் விடவேயில்ல.