தொலி உரிக்காத கம்புகள்

வேலி போட வேண்டும் என்று சொன்னது என் மனைவி. அவளுடைய அண்ணனின் ஆடுகள் மறுபடியும் புகுந்து மரச்சீனிக் கிழங்குச் செடியின் கொழுந்தையும் வெண்டையையும் மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தன. ஆட்டைத் தடுக்கத்தான் வேலி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன் நான் வேலி போட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொச்சியில் கட்டட வேலை, மஸ்கட்டில் ஒரு கிடங்கு. நட்ட செடி காய்க்கும்வரை எந்த ஊரிலும் இருந்ததில்லை. சம்பளம் வராத இடத்தில் கொஞ்ச நாள் பட்டினி கிடப்பேன், பிறகு வேறு ஊருக்குப் போய்விடுவேன். நாற்பது தாண்டிய பிறகுதான் பூதப்பாண்டிக்கு வடக்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இவளைக் கட்டினேன். இவளுக்கும் அது இரண்டாம் கல்யாணம். முதல் புருஷன் இறந்ததும் அண்ணன்தான் இவளைக் கூட்டி வந்து சோறு போட்டார். தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் குடியும் வைத்தார். அந்த வீடும் அதைச் சுற்றிய ஏழு சென்டும் மகளுக்கு என்று அவர்கள் அப்பா சாகும் முன் வாயால் சொல்லியிருந்தார். பத்திரம் இல்லை. அண்ணன் அதை மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டால் "பொறவு பாக்கலாம் மக்கா" என்பார். எட்டு வருடமாக அதே பதில். அந்த ஏழு சென்டை விட்டால் இவளுக்குப் போக்கிடம் கிடையாது.

வைகாசிக் கடைசியில் முதல் மழை பெய்து மண் இளகியது. தெரிந்தவர் ஒருவரின் கால்வாய்க்கரையில் சீமைக்கொன்னை தழைத்து நின்றது. கேட்டு, மணிக்கட்டைவிடத் தடித்த கம்புகளாக வெட்டிக் கொண்டுவந்தேன். குறுக்கே அடிப்பதற்கு, காற்றில் விழுந்த கமுகு ஒன்றைப் பிளந்து வைத்துக்கொண்டேன். முற்றத்தில் உட்கார்ந்து முதல் கம்பின் பட்டையை உரித்தபோது அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"இஞ்ச பாருங்க, தொலிய உரிக்காதீங்க."

"கரையான் ஏறுமே."

"ஏறுனா ஏறட்டும். தொலியோடயே நடுங்க."

உரித்த கம்பை அவளே தூக்கி விறகோடு போட்டாள். ஒரு வேலை மிச்சம் என்று நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் தேங்காய் விஷயமாக நாகர்கோவிலுக்குப் போனார். அவருடைய பைக் சத்தம் ஓய்ந்ததும் இவள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு முனையை என்னிடம் தந்துவிட்டு, மறுமுனையோடு அண்ணனின் தென்னைவரை விறுவிறுவென்று நடந்தாள். எங்கே கயிறு போக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மேல்மண் மட்டும்தான் இளக்கம். ஒரு சாணுக்குக் கீழே கடப்பாரை கல்லில் மோதித் தெறித்தது. முதல் கம்பு சாய்ந்தது; பிடுங்கித் திரும்ப நட்டேன். கல்லுக்குப் பயந்து குழியை நகர்த்தியதில் வரிசை வளைந்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்ததும் துணியைச் சுற்றிக்கொண்டேன். அவள் கம்பைப் பிடித்தபடி, கண்ணைப் பாதையிலேயே வைத்திருந்தாள். "வெக்கம் ஆவட்டும்" என்று ஒவ்வொரு குழிக்கும் சொன்னாள், சீக்கிரம் என்ற பொருளில்.

எதிர்வீட்டு அக்கா புல்லுக்கட்டோடு வந்து நின்றாள்.

"என்ன தம்பி, சாரப்பாம்பு போன தடம் பாத்தாக்கும் கம்பு நடுதீரு?"

சிரித்துக்கொண்டே குனிந்தவள், கம்பின் அடியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஏட்டி, பச்சைக் கம்பு. தொலியும் எடுக்கல்ல. ஒங்க அண்ணங்கிட்ட கேட்டியா?"

"அவன் ஆடு எங்கிட்ட கேட்டுட்டா வந்திச்சு? நீ புல்லைக் கொண்டு போ."

அக்கா போனதும் நான் பாரையை ஊன்றி நின்றேன். என்ன என்று கேட்டேன். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. காய்ந்த கம்போ தொலி உரித்த கம்போ நட்டால் அது வெறும் வேலி. நாளைக்கு யார் பிடுங்கினாலும் கேள்வி இல்லை. தொலியோடு நட்ட பச்சைக் கம்பு வேர் பிடித்து இலை விட்டால் அது எல்லை. அது வேர் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன் எல்லையை ஒத்துக்கொண்டவன் ஆவான். பிறகு வழக்குப் பேச வருகிறவர்கள் காகிதத்துக்கு முன்னால் கம்பைத்தான் பார்ப்பார்கள்.

"இதை நேத்தே சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா நீங்க நட்டிருப்பியளா?"

நட்டிருக்க மாட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது எனக்கு எப்போதும் சுலபம். அப்போதும் அந்த நினைப்பு வந்தது. வேலி பாதியில் நின்றது. அவள் அடுத்த கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுத்த குழியைத் தோண்டினேன்.

கடைசிக் கம்பை நட்டு, கமுகு வாரிகளை அடித்துக்கொண்டிருந்தபோது பைக் வந்து நின்றது. எதிர்வீட்டு அக்கா வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, வெட்டுக்கத்தியோடு வந்தார். ஒவ்வொரு கம்பாகத் தொட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"என்ன வோய் மாப்பிள, ஆட்டுக்கா?"

"ஆட்டுக்குத்தான் மச்சான்."

"ஆட்டுக்கு எதுக்கு வோய் தொலி?"

நான் அடுத்த வாரியை எடுத்துக் கம்புகளின் குறுக்கே வைத்தேன்.

"வேலி நிக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல்ல. அடியில சுத்தி மூணு விரல் தொலிய எடுத்திரும். நீரு எடுக்கீரா, நான் எடுக்கட்டா?"

கேட்கிறவனுக்கு அது நியாயமாகத்தான் படும். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் நகராததால் அவரே முதல் கம்பின் அருகே குந்தி, கத்தியை வைத்து இழுத்தார். ஒரு சுருள் தொலி கிளம்பியது. உள்ளே ஈரப் பச்சை. அவள் வந்து உட்கார்ந்து, கத்தி அடுத்துப் போக வேண்டிய இடத்தில் இரண்டு கைகளையும் சேர்த்துக் கம்பைப் பிடித்தாள்.

"கைய எடு."

"உரி அண்ணே. கையோட சேத்து உரி."

"ஏட்டி, சோறு போட்டவனாக்கும் நான்."

"போட்ட. நான் இல்லன்னு சொன்னேனா? அப்பா சொன்னதை நீயும் இல்லன்னு ஆக்காத."

"எனக்கும் ஒரு பொட்டப்பிள்ள இருக்கு, பாத்துக்க."

"அப்பாவுக்கும் ஒரு பொட்டப்பிள்ள இருந்திச்சு."

கத்தி அவள் விரலுக்கு மேலேயே நின்றது. என் கையில் பாரை இருந்தது. கத்தி இறங்கினால் அதை வைத்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய கழுத்தில் வேர்வை ஓடியது. அவள் கை கொஞ்சமும் அசையவில்லை.

அவர் எழுந்தார். கத்தியைத் தொங்கவிட்டபடி வரிசையின் கடைசிக்குப் போய், தென்னையடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் நின்றார். அவளும் கம்பை விடவில்லை.

"இந்தக் கம்பை யாரு இஞ்ச நடச் சொன்னா?" என்று அங்கிருந்தே கத்தினார். "தென்னந்தடத்துக்குள்ள நிக்கி. நான் தண்ணி எங்கன விடுவேன்? ஒரு முழம் ஒங்க பக்கம் தள்ளிப் போடும்."

உங்கள் பக்கம் என்று அந்த மண்ணைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"தள்ளிப் போடுங்க" என்றாள்.

கம்பைப் பிடுங்கி, ஒரு முழம் உள்ளே புதுக் குழி தோண்டினேன். அங்கேயும் கல். உடைத்து எடுக்க நேரமானது. குழி முடிந்ததும் அவர் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுக் கம்பை நேராகப் பிடித்துக்கொண்டார். நான் மண்ணைத் தள்ளி, பாரையின் முனையால் இடித்தேன்.

"மெள்ள இடியும் வோய். தொலி போயிரும்."

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டு மீன்குழம்பு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து போனதை எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் அறிந்தோம். அன்றைக்கு என் மனைவி சமைக்கவில்லை.

ஆடி முடிவதற்குள் கம்புகள் துளிர்த்துவிட்டன, கத்தி பட்ட முதல் கம்பு உட்பட. இப்போது தலைக்கு மேல் தழைத்து நிற்கின்றன. தன் பக்கம் நீளும் கிளைகளை அண்ணன் வெட்டி ஆட்டுக்குப் போடுகிறார். எங்கள் பக்கத்துக் கிளைகளை அவர் தொடுவதில்லை.