பத்து டன் தாங்கும் காபிக்கடை

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இருபத்திரண்டு வருஷம் முட்டை பொறுக்கினவள் சௌந்திரம். அவளைப் பெற்ற ஆத்தாயி ஆடு மேய்த்தே செத்தாள். ஆத்தாயியைப் பெற்றவள் கிணற்று வேலைக்கு மண் சுமந்தவள். உட்கார்ந்து தின்ற வம்சம் இல்லை. தீவனத் தூசு நெஞ்சில் இறங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் சௌந்திரம் பண்ணையை விட்டாள். இனி ஷெட்டுக்குள் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புருஷன் வேலுமணிக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. அவனுக்கும் இடுப்பு போயிற்று. ஒரே மகள் தனப்பிரியாவைத் திருச்செங்கோட்டில் கொடுத்திருந்தார்கள். “ரெண்டு பேரும் எங்கூட்டுக்கே வந்துருங்கம்மா” என்று அவள் கூப்பிட்டபடி இருந்தாள். சம்பந்தி வீட்டு வட்டிலில் கை நனைக்கச் சௌந்திரத்துக்கு மனசில்லை. இன்னும் ஒரு வருஷமாவது நம் கையால் பிழைத்துப் பார்ப்போம் என்றாள்.

வழி சொன்னவள் கமலவேணி. வேலுமணிக்குச் சித்தப்பன் மகள். மேட்டூர் அணைக்கு மேலே, கொளத்தூருக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டவள். ஒரு சீருக்கு வந்த இடத்தில் அண்ணிக்காரியிடம், “நங்கை, எங்க பரிசல்துறையில விடிஞ்சா நாப்பது மீன்காரங்க கரையேறுவாங்க. ஒரு வாய் காபிக்கு மூணு மைலு போகோணும். ஞாயித்துக்கெழமைன்னா தண்ணி பாக்க வர்ற சனம் வேற. சின்னதா ஒரு கடையப் போடுங்க. ஆனா சக்கரம் வெச்ச கடையா இருக்கோணும்” என்றாள்.

சக்கரம் எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். இவர்கள் ஆறும் அணையும் பழகாத மேட்டாங்காட்டு மனிதர்கள். இவர்களுக்குத் தெரியாது.

வேலுமணி இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலியோடு வலியாக ஒரு மாதம் உட்கார்ந்து வண்டியைச் செய்தான். சக்கரம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கைக்குத் தெரிந்தது லாரிதான். பழைய டிரெய்லர் அச்சு, அதன் மேல் இரும்புச் சேனலில் அடிச்சட்டம், அதன் மேல் பலகையடித்த பெட்டி, பதினாறு போல்ட். பக்கவாட்டில் மயில் வரைந்து, பின்பக்கம் ‘சௌந்திரம் காபி’ என்று எழுதினான். பரிசல்துறைக்குக் கொண்டுபோய் இறக்கியபோது ஆறு பேர் பிடித்தும் வண்டி தரையைப் பிளக்கிற மாதிரி உட்கார்ந்தது.

கமலவேணி சுற்றி வந்து பார்த்தாள். “ஏண்ணா, இதுல காபி விக்கறதா, ஜல்லி ஏத்தறதா?”

“பத்து டன்னு தாங்கும் கமலா.”

“ஆறு லிட்டரு பாலுக்குப் பத்து டன்னா? உங்களுக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவே எங்கப்பன் சொன்னாரு, இவனுக்கு அளவு தெரியாதுன்னு!”

பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினார்கள். பழம் நசுங்கவில்லை. ஈர மண்ணுக்குள் முழுசாக இறங்கிப் போயிற்று. சௌந்திரம் அதைப் பார்த்தாள்.

அது தை மாதம். வண்டியிலிருந்து பத்தடியில் தண்ணீர் அலையடித்தது. சௌந்திரம் கடலை ஒரே தடவை, திருச்செந்தூரில் பார்த்தவள். அதே மாதிரி அக்கரை தெரியாமல் கிடந்தது இதுவும். மீன்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துவிட்டு நேராக வண்டிக்கு வந்தார்கள். காபி, தட்டுவடை செட், முட்டை போண்டா. பச்சமுத்து என்கிற மீன்காரன், “அக்கா, உங்க போண்டால முட்டை முழுசா இருக்குது. எங்கூர்ல பாதிதான் வெப்பாங்க” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மாசியில் தண்ணீர் நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பரிசல்துறையும் கூடவே போயிற்று. பங்குனியில் கால் மைல். எட்டுப் பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். வண்டல் மண்ணில் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து, டிராக்டர் வைத்துத்தான் மேலே இழுக்க முடிந்தது. அன்றோடு வண்டி கரைமேட்டில் நின்றுவிட்டது.

ஆட்கள் கீழே, கடை மேலே. அதனால் சௌந்திரம் சுமந்தாள். கையில் காபிக் கேன், தலையில் போண்டா அண்டா. வெடித்துக் கிடந்த ஏரிமண்ணில் இறங்குவதற்கு மூன்று இடத்தில் நிற்பாள். ஏறுவதற்கு ஏழு இடத்தில். மூச்சு விசில் அடித்து அடங்கும்வரை நின்று, மறுபடி நடப்பாள். இடுப்புப் பெல்ட்டோடு வேலுமணி மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் மெல்லக் கேட்டாள். “ஏனுங்க, அந்த அடிச்சட்டத்தக் கழட்டிப்போட்டுட்டு, பெட்டிய மட்டும் சின்னச் சக்கரத்துல வெச்சா ஆகாதுங்களா?”

“கழட்டறதா? நாங்கட்டுன பாடில ஒரு போல்ட்டக்கூட எவனும் இன்னைக்கு வரைக்கும் கழட்டுனதில்ல.”

அவள் அப்புறம் கேட்கவில்லை. இனி அவன் சுத்தியல் தூக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடைசியாகக் கட்டினதை எப்படிப் பிரிக்கச் சொல்வது? சித்திரையும் வைகாசியும் சுமந்தே கழிந்தன. ஆனியில் பாதி நாள் அவளால் இறங்க முடியவில்லை. “போதும்மா, வந்துருங்க” என்று தனப்பிரியா போனில் அழுதாள். “ஆடி முடியட்டும் சாமி” என்றாள் சௌந்திரம். ஆடி முடிந்ததும் போய்விடுவது என்றே மனசுக்குள் வைத்திருந்தாள்.

ஆடியில் ஆற்றின் மேல்பக்கம் மழை. போன தண்ணீர் அத்தனையும் திரும்பி வந்தது, தையில் நின்ற மட்டத்தையும் தாண்டி. ஒரு நாள் காலையில் பச்சமுத்து ஓடிவந்தான். “அக்கா, மத்தியானத்துக்குள்ள வண்டி மூழ்கிரும். இழுங்க!”

டிராக்டர்காரன் ஆடி நோம்பிக்கு மாமியார் வீடு போயிருந்தான். இருந்தவர்கள் எல்லோரும் தோள் கொடுத்தார்கள். வண்டி அசையவில்லை. தண்ணீர் சக்கரத்தை நக்கியது. பிறகு தெறித்த அலை மயிலின் காலை நனைத்தது.

வேலுமணி பைக்குள் கைவிட்டு ஸ்பானரை எடுத்தான். தண்ணீரில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். இடுப்பு வலியில் அவன் முனகுவது ஒவ்வொரு போல்ட்டுக்கும் கேட்டது. கழன்றதை மேலே நீட்டினான். சௌந்திரம் வாங்கி மடியில் கட்டினாள். பதினாறும் வந்தன.

நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பச்சமுத்து தடுமாறினான். “அடேங்கப்பா, இம்புட்டு லேசா! நான் உசுரக் குடுத்துத் தூக்குனேன்.” சாமி சப்பரம் போல இன்னும் உயரமான மேட்டுக்குத் தூக்கிப்போய் இறக்கினார்கள். மத்தியானம் அடிச்சட்டம் தண்ணீருக்குள் போயிற்று.

அடுப்பு நனையவில்லை. சௌந்திரம் பற்றவைத்தாள். வேலுமணி தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

“பங்குனியிலயே கழட்டச் சொன்ன. திட்டறதுன்னா திட்டிரு.”

“மொதல்ல காபியக் குடிங்க.”

திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே. ஈரத் துணியோடு நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். போன் அடித்தது. தனப்பிரியா.

“அம்மா, எப்ப கெளம்பறீங்க?”

சௌந்திரம் அடுப்பைத் தணித்து, விசில் அடங்கியதும் சொன்னாள்.

“இல்ல சாமி, வரல. உங்க ஊர்ல பழைய சைக்கிள் சக்கரம் ரெண்டு கெடைக்குமான்னு மாப்பிள்ளையக் கேட்டுச் சொல்லு. மாசி வந்தா தண்ணி மறுபடி எறங்கீரும்.”