ஓடினால் வண்டியை நிறுத்துகிறார்கள்

இந்த நாட்டில் கிராமத்துச் சாலையில் ஒருத்தி ஓடினால், வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொல்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு ரவாங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், வீடு ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தோம். முதல் நாள் காலை நான் ஓட, கணவர் சங்கரும் மகள் யாழினியும் வாடகைச் சைக்கிளில் பின்னால் வந்தார்கள். ஒரு லோரி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் தமிழர்.

"என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா? ஏறுங்க லா, நான் டவுனுக்குத்தான் போறேன்."

"இல்லண்ணே, சும்மா ஓடுறேன்."

"சும்மாவா?" அவர் சங்கரைப் பார்த்தார். "அவரு சைக்கிள்ல வராரு, நீங்க ஓடுறீங்க. வீட்ல சண்டையா?"

சங்கர் சிரித்த சிரிப்பில் ஹாண்டில் திரும்பி, சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போய்விட்டார். "அப்பா, ஓகே லா?" என்று கேட்டுவிட்டு யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். லோரிக்காரர்தான் இறங்கிவந்து கைகொடுத்தார்.

கோவில்பட்டியிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்த லோரிக்காரரைப் புரியும். அது என் சொந்த ஊர். கல்யாணமான புதிதில் ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டில் ஓடினேன். மிஞ்சிப்போனால் நாலு கடை தூரம். நான் வீடு வந்து சேர்வதற்குள், "உங்க மக ஓடுச்சே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அப்பாவுக்கு ஆள் மாற்றி ஆள் போன் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பொம்பளை ஓடினால் யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். அப்பா திட்டவில்லை. "இனிமே கொஞ்சம் முன்னாடியே கெளம்பு தாயி" என்றார், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஓடிப் பரிசு வாங்கியவள் அன்றோடு நிறுத்தினேன். கடல் கடந்து கிள்ளானுக்குக் குடிவந்து, நாற்பதை நெருங்கும்போதுதான் மறுபடி ஷூ வாங்கினேன். இங்கேயும் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நான் யார் மகள் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த நிம்மதி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சங்கருக்குப் போர்ட் கிள்ளானில் வேலை முடிகிறது. அடுத்த மாதம் ஊருக்கே திரும்புகிறோம். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா பக்கத்தில் இருக்கலாமே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் என் ஓட்டம் போய்விடுமே! குடும்பமே ஊர் திரும்பும்போது, இதையெல்லாம் ஒரு காரணம் என்று யாரிடம் சொல்வது? சொல்லாமல் வாரம் முழுக்க ஓடினேன். மழையில் ஓடினேன், சகதியில் ஓடினேன். மத்தியானங்களில் மூவரும் சைக்கிளில் ஆற்றங்கரைக் கடை வரை போய் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டு, வரும் வழியில் பந்தயம் விட்டோம். யாழினிதான் ஜெயித்தாள்.

கடைசி நாள் அதே லோரி வந்தது. நிற்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்து, "ஓடுங்கக்கா, முன்னுக்கு நாய் இல்ல!" என்று கையாட்டிவிட்டுப் போனார். கிளம்புகிற நேரத்திலா இந்த ஊருக்கு நான் தெரிந்தவளாக வேண்டும்?

யாழினி நான் ஓடுவதைப் படம்பிடித்துத் தாத்தாவுக்கு அனுப்பியும் விட்டாள். உடனே அப்பாவின் குரல்பதிவு வந்தது.

"ஏ தாயி, என்ன ஆச்சு? ஏன் இப்படி ஓடுத? மாப்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

சங்கர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வாங்கி, "யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. எனக்கு ஓடப் பிடிக்கும். அங்க வந்தாலும் ஓடுவேன்" என்று பேசி அனுப்பினேன். சங்கர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. பதில் சாயங்காலம் மூட்டை கட்டும்போதுதான் வந்தது.

"சரி தாயி. விடிஞ்சதும் ஓடு. நான் சைக்கிள எடுத்துட்டுப் பின்னாடியே வாரேன். எவனாச்சும் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

நான் அழுதேன். என்னை யாருக்கும் தெரியாத சாலை இனி எனக்குக் கிடையாது என்பதற்கும் சேர்த்துத்தான் அழுதேன். சங்கர் என் ஷூவைக் கழுவ எடுத்துப்போனார். வேண்டாம் என்று பிடுங்கி, ரவாங் செம்மண்ணோடு பையில் வைத்தேன். எங்கள் ஊர்க் கரிசல் அதன்மேலேயே ஒட்டிக்கொள்ளட்டும்.