மாமாவின் சட்டையில் வெட்டிய கொரியக் கொடி

பிறந்தநாள் கேக்கில்கூடக் கொடி குத்துகிற நாடு டென்மார்க். வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு கொடி செய்துவந்து அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்று நான்காம் வகுப்பு ஆசிரியை அறிவித்தபோது, பிரெடெரிசியா நகரில் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. எனக்குத்தான் வீட்டில் சிக்கல் காத்திருந்தது. இலங்கையில், எங்கள் ஊரில், போர் முடிந்த 2009 மே மாதம் அது.

எங்கள் கொடி எது என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்ப ஒண்டும் கேளாதை பிள்ளை. வேற ஏதும் நாட்டை எடு" என்றார்.

வேறு நாடு என்றதும் எனக்கு மாமாவின் சட்டைதான் நினைவுக்கு வந்தது. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு இருந்தார். பழைய துணிக்கடையில் வாங்கிய அவருடைய தடித்த சிவப்புச் சட்டையின் நெஞ்சில், ஏதோ ஓர் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் அணியின் பெயர் பெரிய நீல எழுத்துகளில் தைத்திருந்தது. மாமா அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை, குளிருக்கு வாங்கியது. போரை நிறுத்தச் சொல்லி கோபன்ஹேகனில் நடந்த ஊர்வலங்களுக்கெல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான் கொடி பிடிக்கப் போனார். நானோ அதை ஒரு நாட்டின் பெயரென்றே நம்பியிருந்தேன். அந்த நாட்டை எடுக்கிறேன் என்று வகுப்பில் அறிவித்து, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

சிரித்தவர்களுக்குக் காட்டியே தீர்வது என்று அன்றே முடிவெடுத்தேன். நூலகப் புத்தகத்தில் இருந்த கொடிகளிலேயே செய்யக் கடினமானதாகப் பார்த்துத் தேர்ந்தேன். அது கொரியாவின் கொடி. நடுவில் சிவப்பும் நீலமும் வளைந்து பொருந்தும் வட்டம், மூலைகளில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று கறுப்புத் துண்டுகள். புதன்கிழமைக்குள் கறுப்பு முடிந்தது. சோற்றுப் பானை மூடியை வைத்து வட்டமும் கீறியாயிற்று. சிவப்புக்கும் நீலத்துக்கும் துணிதான் இல்லை. ஊர்வலங்கள் நின்றுவிட்டதால் மாமாவின் சட்டை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இனி அவருக்கு அது தேவைப்படாது என்று நானே தீர்ப்பளித்து, அதன் முதுகில் கத்தரியை வைத்தேன்.

அம்மா கண்டுவிட்டு அகப்பையோடு வந்தார். மாமா குறுக்கே வந்து, "பொறு அக்கா" என்றார். பிறகு என்னிடம், "என்ன கொடி இது?" என்று கேட்டார்.

அடியிலிருந்து தப்ப அதுதான் வழியென்று வரலாறு முழுவதையும் ஒப்பித்தேன். கொரியாவை யப்பான் பிடித்தது. கொடியைத் தூக்கினால் சிறை. சனங்கள் அதைச் சுவருக்குள்கூட ஒளித்து வைத்தார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து வெளியே எடுத்தார்கள்.

"முப்பத்தஞ்சு வருசமோ?"

"ஓம் மாமா. புத்தகத்தில கிடக்கு."

மாமா கத்தரியை என் கையிலிருந்து வாங்கினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் சட்டையின் நெஞ்சிலிருந்த நீல எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றை ஒட்டுப்போட்டு நீலப் பாதியை அவரே தைத்தும் தந்தார்.

தைக்கும்போது, ஒளித்து வைத்த பகுதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். நான்காம் முறை சொல்லி முடித்ததும், "சுவருக்குள்ள வைச்ச ஆள்தானோ பிறகு அதை எடுத்தது?" என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை. எனக்கோ அலுத்துவிட்டது. "ஓம், அவர்தான்" என்று அடித்துச் சொன்னேன். மாமா தலையாட்டினார். ஊர்வலத்துக்குக் கொண்டுபோன கொடியை மடித்து எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை என் கொடியைக் கரும்பலகைக்கு மேலே தொங்கவிட்டார்.

அதே மே மாதத்தில், சியோல் நகரில் ஒரு கோயிலின் சுவரைப் பிரித்தபோது பழைய கொடியொன்று கிடைத்ததாகப் பல வருடங்களுக்குப் பிறகு வாசித்தேன். அதை வைத்தவர் என்று கருதப்படும் துறவி விடுதலைக்கு முன்பே சிறையில் இறந்திருந்தார். மாமாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

மாமா திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது என் பேச்சுக்கு ஒத்திகை பார்க்கத்தான் என்று அன்று நினைத்தேன். மாமாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதோடு முப்பத்தைந்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்த ஆளே எடுத்தாரா என்று அவர் கேட்டார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.